ஃபேக்டர் போட்டும் வீக்கம் இறங்கவில்லையா? இன்ஹிபிட்டர் பற்றிச் சில கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத பிறவிக் கோளாறு) உள்ள குடும்பங்கள் கேட்டவை. ஃபேக்டர் என்பது ரத்தத்தை உறையவைக்கும் புரதம், குறைந்தவர்களுக்கு அதை ஊசியாகப் போடுவார்கள். பதில் சொல்பவர் ஹீமோபிலியா நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்: சிஸ்டர், பையனுக்கு ரெண்டு வயசு. முன்னெல்லாம் ஃபேக்டர் எட்டு போட்டா மறுநாளே முழங்கால் வீக்கம் வடியும். இப்போ மூணு நாளாப் போட்டும் வடியலை. மருந்து கெட்டுப்போச்சா?

மருந்து சரியான குளிரில் இருந்ததா என்று பாருங்கம்மா, ஆனால் அதோடு நிற்காதீர்கள். கடுமையான ஹீமோபிலியா ஏ, அதாவது ஃபேக்டர் எட்டு குறையும் வகை, உள்ள பிள்ளையின் உடம்புக்கு ஃபேக்டர் எட்டு பழக்கமில்லாத பொருள். அதை அந்நியமாக எண்ணி, வேலை செய்யவிடாமல் முடக்கும் எதிர்ப்புப் பொருளைச் சிலருக்கு உடம்பே உண்டாக்கும். அதுதான் இன்ஹிபிட்டர். இந்த வகையில் 100 பேரில் 25 முதல் 30 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் 50 ஊசி நாட்களுக்குள் வந்துவிடும். மருந்து ஏறிய நாட்களை மட்டும் எண்ணுங்கள். அதனால்தான் ஒவ்வொரு ஊசியையும் நோட்டில் எழுதி வையுங்கள் என்று கெஞ்சுகிறேன். டாக்டர் டோஸை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், இன்ஹிபிட்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பாம்பன்: நான் நண்டும் கருவாடும் குடுத்ததுதான் காரணம்னு மாமியார் சொல்றாங்க.

இல்லவே இல்லை. மரபணுக் கோளாறு எந்த வகை, அண்ணன் தம்பிக்கு இன்ஹிபிட்டர் இருந்ததா, சின்ன வயதில் ஆபரேஷனுக்காகத் தொடர்ந்து அதிக ஃபேக்டர் ஏறியதா, இவைதான் கணக்கு. உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

மண்டபம்: ரிப்போர்ட்டில் 8 பெதெஸ்டா யூனிட்னு இருக்கு. அப்படின்னா?

ரத்தத்தில் இன்ஹிபிட்டர் எவ்வளவு என்று சொல்லும் அளவு அது. 0.6-ஐத் தொட்டாலே இன்ஹிபிட்டர் உண்டு. 5-க்குக் கீழே என்றால் கூடுதல் டோஸ் கைகொடுக்கலாம். 8 என்றால் ரத்தக் கசிவை நிறுத்த ஃபேக்டர் எட்டை நம்ப முடியாது. ஃபேக்டர் எட்டைத் தாண்டிப் போய் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஏழு ஏ அல்லது ஃபீபா என்ற மருந்து வேண்டும். பல மாதம் ஃபேக்டர் போடாமல் இருந்தால் இந்த எண் இறங்கும். குணமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். மறுபடி போட்டால் ஒரு வாரத்திலேயே ஏறலாம். தினமும் ஃபேக்டர் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை உண்டு. பலருக்குப் பலிக்கிறது, ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். செலவும் மிக அதிகம்.

கீழக்கரை: எமிசிஸுமாப் நல்ல ஊசியா சிஸ்டர்?

இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கு இதைப் பெரிய வரம் என்றே சொல்வேன். ரத்தம் உறைய ஃபேக்டர் எட்டு செய்யும் இணைப்பு வேலையை இது செய்கிறது. ஆனால் இது ஃபேக்டர் எட்டு இல்லை, அதனால் இன்ஹிபிட்டர் இதைத் தொடாது. தோலுக்கு அடியில் போடுவதால் நரம்பு தேடும் பாடும் இல்லை. தொடக்க வாரங்களுக்குப் பிறகு வாரம், இரண்டு வாரம் அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கசிவைத் தடுக்கத்தான் இது. வந்த கசிவை நிறுத்த அல்ல. இதில் இருப்பவர்களுக்கு ஃபீபாவை அதிகமாகப் போட்டால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சாதாரண ஏபிடிடி பரிசோதனையும் எல்லாம் சரி என்று பொய்யாகக் காட்டும். ஆகவே ஊசியின் பெயரை எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தொண்டி: எங்க பையனுக்கு ஃபேக்டர் ஒன்பது குறைவு. அவனுக்கும் வருமா?

ஹீமோபிலியா பியில் அரிது, 100-க்கு 5 பேர் அளவுதான். வந்தால் முதல் அறிகுறியே கடுமையான அலர்ஜியாக இருக்கலாம்: ஊசி போட்டதும் தடிப்பு, மூச்சுத் திணறல். முதல் இருபது ஊசியாவது ஆஸ்பத்திரியிலேயே போடுங்கள், வீட்டில் வேண்டாம். எமிசிஸுமாப் இவனுக்கு உதவாது.