பெருவுக்குப் போகிறேன், தெருக்கடையில் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. ஜூன் மாதம் தோழியுடன் பெருவிலும் பொலிவியாவிலும் முதுகுப்பையோடு சுற்றப் போகிறேன். அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசிக்கத்தான் பாதிப் பயணமே. அசைவமும் சாப்பிடுவேன். அம்மாவோ, "பிரெட்டும் வாழைப்பழமும் தின்றுவிட்டு வா" என்கிறார். அல்சருக்காக ஒரு வருடமாகத் தினமும் காலையில் பான்டோப்ரசோல் போடுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: வாழைப்பழம் தின்ன அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது தெருக்கடை அல்ல, அந்த மாத்திரைதான்.

சாப்பாட்டோடு உள்ளே வரும் கிருமிகளில் பெரும்பாலானவை வயிற்று அமிலத்திலேயே செத்துவிடும். பான்டோப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. அதனால் தினமும் போடுபவர்களுக்கு வயிற்றுப்போக்குக் கிருமிகள் எளிதாகத் தொற்றும். எண்டோஸ்கோபியில் புண் இருப்பது தெரிந்துதான் ஆரம்பித்தார்களா, இல்லை நெஞ்செரிச்சலுக்கு எழுதிக்கொடுத்தது அப்படியே நீண்டுவிட்டதா? புண் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் எரிச்சல்தான் என்றால், படிப்படியாகக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். கிளம்பும் வாரத்தில் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து படுத்திவிடும்.

இனி சாப்பாடு. மாட்டு இதயத்தைத் துண்டுபோட்டு, மசாலா தடவி, கம்பியில் குத்திக் கரியடுப்பில் சுட்டுத் தருவார்கள். ஆன்டிகூச்சோ என்று பெயர். கண்ணெதிரே நெருப்பிலிருந்து இறங்குவதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆவி பறக்கும் கினுவா என்ற தானியத்தின் சூப், பொலிவியாவில் காலை வேளையில் ஊதாச் சோளத்தில் காய்ச்சித் தரும் ஆப்பி, இவையும் அப்படித்தான். பெரிய ஹோட்டல் பஃபேயில் வெதுவெதுப்பாகக் காத்திருக்கும் சிக்கனைவிட இவை எவ்வளவோ மேல். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது மேஜைமேல் திறந்து வைத்த மிளகாய்ச் சட்னியில். காரம் கிருமியைக் கொல்லாது. அந்தக் கிண்ணத்தில் எத்தனை கரண்டி புழங்கியதோ! பச்சைக் கீரை, சாலட் வேண்டாம். அதில் ஒட்டி வரும் பன்றி நாடாப்புழுவின் முட்டை மூளைக்குப் போய் வலிப்பு வரை கொண்டுவிடும்.

செவிச்சே பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் லீமாவில் இறங்கியதும் அதைத்தான் தேடுவீர்கள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன் அது. புளிப்பு ஏறியதும் சதை வெளுத்து, வெந்தது போலத் தெரியும். ஆனால் அது வேகவில்லை. கிருமியும் புழுவும் தப்பிக்கும். 1991 ஜனவரியில் பெருவில் காலரா வெடித்து, அந்த ஓராண்டிலேயே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. பெரும்பழி செவிச்சேமேல் விழுந்தாலும், குளோரின் சரியாகக் கலக்காத குடிநீருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. இன்று அந்தக் காலரா பயம் இல்லை, மற்ற கிருமிகள் உண்டு. அந்த ஊர்க்காரர்களே செவிச்சேயைப் பெரும்பாலும் மதியத்தில்தான் சாப்பிடுவார்கள், காலையில் வந்த மீன் என்பதால். ஆசையாக இருந்தால் நீங்களும் கூட்டம் நெரியும் கடையில், மதியத்தில் சாப்பிடுங்கள். பான்டோப்ரசோல் தொடர்கிறது என்றால் தோழி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

குழாய்த் தண்ணீர், ஐஸ் இரண்டும் கூடாது. பொலிவியாவின் லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்த பிறகும் 3 நிமிடம் அடுப்பில் விடுங்கள்.

பெருவின் மலை நகரமான குஸ்கோவில் இறங்கிய அன்று தலைவலியும் குமட்டலும் வந்தால், முந்தின நாள் தின்ற மீனைத் திட்டாதீர்கள். 3,400 மீட்டர் உயரம் செய்கிற வேலை அது. முதல் நாள் இரவு அரை வயிறு சாப்பிட்டு ஓய்வெடுங்கள், மது வேண்டாம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கிவிடுங்கள். கோக்கா இலைத் தேநீர் தருவார்கள்; கொக்கெய்ன் எடுக்கும் அதே செடியின் இலை. அங்கே சட்டப்படி சரி. குடித்தால் சில நாட்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் என்று காட்டும். ஒரு பாக்கெட்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே அது குற்றம்.

பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே, பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். நீண்ட பஸ் பயணத்துக்கு, வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு மாத்திரை உதவும். மலத்தில் ரத்தம் வந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. அப்போது தேவைப்படுவது ஆன்டிபயாடிக். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் உங்களுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்டு, சீட்டோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டைபாய்டு ஊசி போடுங்கள். ஹெபடைடிஸ் ஏ நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே வந்துபோயிருக்கும். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புசக்தி இல்லை என்று தெரிந்தால் அதற்கும் போடுங்கள். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மே மாதத்திலேயே போய்விடுங்கள்.