அடுத்த தெருவில் வயிற்றுப்போக்கு: வீட்டில் என்ன தயாராக வைப்பது?

வணக்கம் சகோதரி. அடுத்த தெருவில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு, வீட்டில் வயதான மாமியார், இரண்டு வயதுக் குழந்தை, என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். 2022 ஜூலையில் காலரா பரவி காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தபோது நாங்கள் திருநள்ளாறில் இருந்தோம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரோ அடிபம்போ, நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். ஆனால் எங்கள் வீட்டில் தப்பு நடந்தது அதற்கு அப்புறம்தான்: ஆறவைத்த குடத்துக்குள் ஆளாளுக்குச் சொம்பை விட்டு மொண்டோம், விரலும் சேர்ந்து நனைந்தது. நீள்பிடி அகப்பை ஒன்றை அதற்கென்றே மாட்டி வையுங்கள். குழாய் வைத்த பாத்திரம் இன்னும் நல்லது.

மருந்துக்கடையில் ஓஆர்எஸ் தூள் (வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிப்பது) பத்துப் பாக்கெட் வாங்குங்கள். உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று இருக்க வேண்டும். இனிப்பான டப்பா பானங்கள் வேண்டாம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரையுங்கள், 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. வயிற்றைக் காயப்போடாதீர்கள், கஞ்சி கொடுங்கள். சோப்பு தாராளமாக இருக்கட்டும்.

குழந்தைக்குக் கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குடிக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே 108. மாமியாருக்கும் அப்படித்தான். அடுத்த தெரு விஷயத்தை இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.