கவசமும் அதை அணியும் உடலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஃபேண்டஸி ரோல்-பிளேயிங் விளையாட்டை, அதாவது ஆட்டக்காரர்கள் ஒரு கற்பனை உலகின் பாத்திரங்களாக முடிவெடுத்து ஆடும் விளையாட்டை, உருவாக்கி வருகிறோம். அதில் மனிதர்களோடு ட்வார்ஃப்கள் எனும் குள்ளர்கள், ராட்சதர்கள், இறக்கை உள்ள ஓர் இனம், ஓநாய் மனிதர்கள், பல்லி மனிதர்கள் ஆகியோரும் உண்டு. மனிதனுக்கென்று வரைந்த ஒரே எஃகுத் தகட்டுக் கவசத்தை அளவு மட்டும் மாற்றி எல்லா இனங்களுக்கும் பொருத்தியிருக்கிறோம். பெண் பாத்திரங்களுக்கு மார்பின் வடிவம் தகட்டில் தெரியும்படி செய்திருக்கிறோம். இதில் யதார்த்தம் இல்லையே என்று நான் கேட்டால், டிராகன் பறக்கும் உலகில் யதார்த்தத்தைத் தேடுவது வீண் வேலை என்கிறார்கள். இவ்வகை விளையாட்டுக்கு யதார்த்தம் உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் எந்த அளவுக்கு?

அன்புடன்
எம்.

அன்புள்ள எம்.,

டிராகன் பறக்கும் என்று ஒப்புக்கொண்டு விளையாட உட்காருபவர் அந்த ஒன்றைத்தான் ஒப்புக்கொள்கிறார். இரும்பு கனக்கும், வாள் வெட்டும், ஓடினால் மூச்சிரைக்கும் என்பவற்றை அவர் தன் வாழ்க்கையிலிருந்தே கொண்டுவருகிறார். நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை அவை உங்கள் உலகிலும் அப்படியே இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். பார்வையாளராக மட்டும் இருப்பவருக்கு இது சிறிய விஷயமாக இருக்கலாம். ரோல்-பிளேயிங் விளையாட்டில் அவர் முடிவெடுப்பவர். வாயிலில் முழுக் கவசத்தோடு நிற்கும் காவலனைக் கண்டதும், இவனை ஓடவிட்டுக் களைக்கவைக்கலாமா, நெருங்கிக் கீழே தள்ளி அக்குளில் கத்தியைச் செலுத்தலாமா என்று அவர் யோசிக்க வேண்டும். கண்ணில் படும் கவசம் காரண காரியத்தோடு நடந்துகொள்ளாவிட்டால் யோசிக்க எதுவும் மிஞ்சாது. பகடையை உருட்டி எண்ணைப் பார்க்க வேண்டியதுதான். ஆகவே உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

கவசத்தின் கனத்தைப் பற்றி விளையாட்டுகளில் இரண்டு நேரெதிரான தவறுகள் காணப்படுகின்றன. ஒன்று, அதை அணிந்தவன் விழுந்தால் எழவே முடியாது என்பது. மற்றொன்று, அதை அணிந்தபடி நாள் முழுக்க ஓடலாம் என்பது. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முழுத் தகட்டுப் போர்க்கவசம் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ எடையுள்ளது. அந்த எடை உடல் முழுவதும் பரவியிருப்பதால் அணிந்தவரால் விழுந்து எழவும், குதிரையில் ஏறவும், ஓடவும் முடியும். ஆனால் அதற்கு விலை உண்டு. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய கவசத்தின் மறுஆக்கங்களை அணிந்தவர்களை நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடக்கவும் ஓடவும் வைத்து, அவர்கள் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காவதை அளந்தார்கள். கால்களில் கட்டிய எஃகை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் உங்கள் விதிகளில் கவசம் வேகத்தைக் குறைப்பதைவிட மூச்சையும் உடல் சூட்டையும் கணக்கில் எடுப்பதே பொருத்தம். முதல் சில நொடிகளுக்குக் கவசம் அணிந்தவன் அச்சமூட்டும் அளவுக்கு வேகமாக இருக்கட்டும். சண்டை நீளும்போது அவன் தளரட்டும்.

பெண்களின் மார்புக் கவசத்தைப் பற்றிய உங்கள் தயக்கம் மிகச் சரியானது. தகடு வளைந்திருப்பதே ஆயுதத்தின் முனையை உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக்கிவிடத்தான். இரண்டு குவிமாடங்களாக அதைப் பிரித்தால், அவற்றின் சரிவு ஈட்டி முனையை நேராக நெஞ்செலும்புக்கு வழிகாட்டி அனுப்பும். போதாததற்கு, தகட்டின் உள்ளே பஞ்சு திணித்த அங்கி இருக்கிறது. உடலின் வடிவம் வெளியே தெரிய வழியே இல்லை. அக்காலத்து ஆண்களின் மார்புக் கவசமே முன்புறம் நன்றாகப் புடைத்து, இடுப்பில் குறுகி, எடையின் ஒரு பகுதியை இடுப்பின்மேல் இறக்கிவைப்பதாகத்தான் இருந்தது. அதே வார்ப்பைப் பெண் பாத்திரங்களுக்கும் கொடுங்கள்.

உங்கள் வடிவமைப்பின் உண்மையான சிக்கல், ஒரே கவசத்தை அளவு மாற்றி எல்லோருக்கும் பொருத்தியதில் இருக்கிறது. தகட்டின் தடிமனை முடிவு செய்வது எதிரியின் ஆயுதம். அதே வாளுக்கு எதிரே நிற்கும் சிறியவருக்கும் பெரியவருக்கும் தகடு ஒரே தடிமனில்தான் இருக்க வேண்டும். ஆகவே உயரம் இரு மடங்கானால், தகட்டின் பரப்பு நான்கு மடங்காவதால், கவசத்தின் எடையும் நான்கு மடங்காகும். ஆனால் உடலின் எடை எட்டு மடங்காகிவிடும். 80 கிலோ எடையுள்ள மனிதர் 20 கிலோ கவசம் அணிகிறார் என்று கொண்டால், அதே உடலமைப்பில் இரு மடங்கு உயரமுள்ள ராட்சதர் 640 கிலோ எடையோடு 80 கிலோ கவசத்தைச் சுமப்பார். அது அவருக்குச் சிறிய சுமைதானே என்று தோன்றும். ஆனால் எலும்பின், தசையின் வலு அவற்றின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது; அது நான்கு மடங்குதான் கூடியிருக்கிறது. கவசத்தைத் தொடுவதற்கு முன்பே, தன் உடலைச் சுமப்பதிலேயே அவருடைய எலும்புகள் மனித எலும்பைப்போல் இரு மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ராட்சதர்களின் எலும்பு மனித எலும்பின் விகிதத்திலேயே இருக்க முடியாது என்று கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியது இதைத்தான்.

கணக்கைக் கீழ்நோக்கிப் போட்டால் விளைவு சுவையானது. பாதி உயரமுள்ளவருக்கு உடல் 10 கிலோ, கவசம் 5 கிலோ, வலு மனிதனில் கால் பங்கு. மொத்தச் சுமையை வலுவோடு ஒப்பிட்டால் அவர் மனிதரைவிடச் சுலபமாகவே நிற்பார். எனவே உங்கள் ட்வார்ஃப்களை முழுத் தகட்டில் நடமாடவிடுவதில் தவறே இல்லை. ராட்சதர்களுக்குத்தான் அது பொருந்தாது. அவர்களுக்குத் தூண் போன்ற கால்களைக் கொடுத்து, ஆயுதம் எளிதில் எட்டும் இடமான முழங்காலுக்கும் தொடைக்கும் மட்டும் கவசம் வரையுங்கள். மனிதனின் வாள் அவர்களுடைய தோளை எளிதில் எட்டாது.

ஓநாய் மனிதர்களின் நிலை வேறு. மனித உடலின் பெரிய வசதி வியர்வை; ஓநாய்க்கு அந்த வழி கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். ரோமத்தின்மேல் பஞ்சு அங்கியையும் அதன்மேல் எஃகையும் போட்டு முகத்தையும் மூடினால், எதிரி தொடாமலே அவர் சுருண்டு விழுவார். வாய் திறக்க இடமுள்ள தலைக்கவசமும் திறந்த விலாப்புறங்களும் அவருக்கு வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்களே மூக்குப்போல் முன்னே நீண்ட கூர்மையான முகமூடிகளை அணிந்தார்கள். உங்கள் ஓவியர் அவற்றிலிருந்து தொடங்கலாம். பல்லி மனிதர்களுக்குப் பஞ்சு அங்கி குளிரில் உதவாது, ஏனென்றால் அங்கி தானாகச் சூடு தருவதில்லை. உள்ளிருக்கும் உடல் உண்டாக்கும் சூட்டைத்தான் அது காக்கிறது. அவர்கள் காலை வெயிலில் உடலைக் காயவைத்த பிறகே கவசம் பூட்டுவார்கள் என்று ஒரே ஒரு விதி வைத்துவிட்டால், அவர்களை எப்போது தாக்குவது என்பதை ஆட்டக்காரர்களே கண்டுபிடிப்பார்கள்.

இறக்கை உள்ளவர்கள் பறப்பதை மாயத்திடம் விட்டுவிடுங்கள். இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவையே 20 கிலோவை ஒட்டித்தான் நிற்கின்றன. அந்தக் கணக்குக்குள் போனால் இனமே இல்லாமல் போகும். ஆனால் இறக்கை முதுகில் முளைக்கும் இடத்தில் முதுகுத் தகடு மூட முடியாது என்பதை எந்த மாயமும் மறைக்கக் கூடாது. தரையில் இறங்கியதும் முதுகைச் சுவரோடு வைத்து நிற்கும் பழக்கம் அவர்களுக்கு அதிலிருந்தே வந்துவிடும்.

எந்த அளவுக்கு என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வோர் இனத்துக்கும் கவசத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்றமும், அதற்கு ஈடான ஒரு விதியும் போதும். அதற்கு மேல் போனால் மேசையில் கணக்கு நோட்டுதான் இருக்கும், சாகசம் இருக்காது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தோற்றவனின் கவசத்தை வென்றவன் அங்கேயே மாட்டிக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தகட்டுக் கவசம் ஒருவரின் உடலை அளந்து செய்யப்படுவது. மற்றொரு மனிதருக்கே சரியாகப் பொருந்தாது, ஓநாய் மனிதருக்கு எங்கே பொருந்தும்? சிறு இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசத்தை வேண்டுமானால் ஓரளவு யாரும் போட்டுக்கொள்ளலாம், வளையங்களைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யவும் முடியும். மற்றதைக் கொல்லரிடம் கொண்டுபோய்த் திருத்தவோ விற்கவோதான் வேண்டும் என்று வையுங்கள். எந்த இனத்தின் கொல்லர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது உங்கள் கதைக்குள் தானாகவே வந்து சேரும்.