அவசர மாத்திரையை அடிக்கடி போடலாமா?

கேள்வி: எனக்கு 22 வயது. ஊர் தேனி மாவட்டம் கூடலூர். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. பி.எட். முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கணவருக்கு ஆணுறை பிடிக்கவில்லை. இங்கே மெடிக்கலில் எல்லாம் தெரிந்த முகம். அவர் வேலை பார்க்கும் குமுளியிலிருந்து, சேர்ந்த பிறகு போடும் அவசர கருத்தடை மாத்திரை வாங்கி வருவார். மூன்று மாதத்தில் நான்கு முறை போட்டுவிட்டேன். இப்போது பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. முதல் குழந்தைக்கு முன்னால் மாத்திரை போட்டால் கர்ப்பப்பை வறண்டுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பயமாக இருக்கிறது.

பதில்: நாளைக் காலை முதல் சிறுநீரில், கர்ப்பமா என்று காட்டும் கார்டு டெஸ்ட் செய்து பாருங்கள். ஒரு கோடுதான் (கர்ப்பம் இல்லை) வந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். இந்த மாத்திரை மாதவிலக்கை முன்னும் பின்னும் தள்ளும் என்பதால், தள்ளிப்போனதை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம்.

கர்ப்பப்பை வறண்டுபோகாது. பின்னால் குழந்தை பிறப்பதையும் இது கெடுக்காது. அந்த அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்தப் பேச்சை நம்பித்தான் பல பெண்கள் நல்ல முறைகளை ஒதுக்கிவிட்டு ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

அவசர மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். மறுநாள் இரவு உங்கள் கணவர் குமுளியிலிருந்து மலையிறங்கி வீடு வந்து சேர்வதற்குள் அதில் ஒரு நாள் போய்விடுகிறது. போட்ட பிறகு மறுபடி சேர்ந்தால் அதற்குப் பாதுகாப்பும் கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்றிருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகள் இதை வைப்பதில்லை. அப்படியே கடையில் இருந்தாலும், தெரிந்தவர் முன்னால் நின்று கேட்க வாய் வருவதில்லை. என்னிடம் வரும் இளம் ஜோடிகளுக்கு விவரம் தெரியாமல் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ, மாமியார் காதுக்குப் போய்விடுமோ என்ற கூச்சம்தான் அவர்களைத் தடுக்கிறது. அது உங்கள் தப்பு இல்லை அம்மா.

கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகு தொடர்ந்து பயன்படும் முறை ஒன்றுக்கு மாறுங்கள். உங்கள் படிப்புக் காலத்துக்கு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி நன்றாகப் பொருந்தும். குழந்தை பெறாதவர்களும் போடலாம், எடுத்ததும் கரு தங்கும். சாயா என்ற கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இல்லை: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை; நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். கூடலூரில் கூச்சமாக இருந்தால் கம்பத்துக்கோ க.விலக்கு அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.

கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த முறைகள் எதுவும் பால்வினை நோய்களைத் தடுக்காது, ஆணுறைதான் தடுக்கும், அதை அவர் மருத்துவர் வாயால் கேட்கட்டும். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், புண், சிறுநீர் எரிச்சல் இருந்தால் இருவருமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்டில் இரண்டு கோடு வந்தால் குமுளியில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி வரச் சொல்லாதீர்கள். கருத்தடை பலிக்காமல் உண்டான கருவை, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் பெயர் வெளியே போகாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், இரத்தப்போக்கு வந்தால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அப்போது விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.