மல்டிஃபியூல் ஸ்டவ்: கடைக்குப் போகுமுன் எரிபொருளை முடிவு செய்யுங்கள்

காஸ் பில் ஏற ஏற, வீட்டில் கணப்பு அடுப்பு பொருத்துவது பற்றிய கேள்விகளும் கூடிக்கொண்டே போகின்றன. இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த முறை இடம். சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் வாசகர்கள் தங்கள் கவுன்சிலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்களுடையது பழைய காலத்து வீடு. முன் அறையில் ஃபயர்பிளேஸ் அடைபட்டுக் கிடக்கிறது. அதில் ஸ்டவ் வைக்க ஆசை. கடைக்காரர் 8 கிலோவாட் மல்டிஃபியூல் ஒன்றைக் காட்டி, "இதை எடுத்தால் வீடு முழுக்கச் சூடாகும், எதையும் எரிக்கலாம்" என்கிறார். நம்பலாமா? (ஹாரோவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள் தங்கச்சி.

முதலில் அளவு. அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் தேவை என்று ஓரளவு தெரிந்துவிடும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்றால் 48 கன மீட்டர். வகுத்தால் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. சுவர் குளிர்ந்து, ஜன்னல் இடுக்கில் காற்று வரும் வீடு என்றால் 10ஆல் வகுத்துப் பாருங்கள், அப்போதும் 5ஐத் தாண்டாது. அந்த அறையில் 8 கிலோவாட்டைக் கொளுத்தினால் அரைமணியில் வியர்த்துக் கொட்டும். உடனே காற்றுக் கட்டுப்பாட்டை மூடுவீர்கள். மூடினால் நெருப்பு மூச்சுத் திணறிப் புகையும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கிக்குள் தார் போலப் பிசின் படியும். பிறகு ஒருநாள் தீப்பிடிப்பது அந்தப் பிசின்தான். சிறிய ஸ்டவ்வை நன்றாகக் கொழுந்துவிட்டு எரிய விடுவதே புகை குறைந்த வழி. பெரியதை அடக்கி எரித்தால், எவ்வளவு நல்ல ஸ்டவ்வும் புகைக்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். 5 கிலோவாட்டுக்கு மேல் போனால் அறைக்கு நிரந்தரக் காற்றுத்துளை வைக்க வேண்டும், அதாவது சுவரில் ஓட்டை. (காற்றுப் புகாமல் கட்டிய புது வீடுகளில் சிறிய ஸ்டவ்வுக்கும் இது தேவைப்படும்.) வீடு முழுக்கச் சூடாகும் என்பதும் வெறும் பேச்சு. கதவைத் திறந்து வைத்தால் கொஞ்சச் சூடு மாடிப்படிவரை போகும், அவ்வளவுதான்.

அடுத்து, "எதையும் எரிக்கலாம்." மல்டிஃபியூல் என்றால் விறகு, புகையில்லாக் கரி (புகை குறைவாக எரியும் நிலக்கரி வகை) இரண்டுக்கும் ஏற்றது என்று மட்டுமே பொருள். இரண்டும் எரியும் விதம் வேறு. கரிக்குக் காற்று அடியிலிருந்து வரவேண்டும். அதனால்தான் கம்பித்தட்டும், அதற்குக் கீழே சாம்பல் தட்டும், உலுக்கிவிட ஒரு கைப்பிடியும் வைத்திருக்கிறார்கள். விறகு அப்படியல்ல. சாம்பல் படுக்கையின்மேல் கிடந்து, மேலிருந்து வரும் காற்றில் எரியும். மல்டிஃபியூலில் விறகு எரிக்கும்போது தட்டின்மேல் ஓர் அங்குலச் சாம்பலை விட்டுவைத்து, அடிக்காற்றை நெருப்புப் பற்றியதும் மூடிவிடுங்கள்.

ஆகவே எதை எரிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வேலை முடிந்து வந்து மாலையில் இரண்டு மூன்று மணிநேரம் மட்டும் கொளுத்துகிறவர் என்றால் விறகு போதும், விறகுக்கென்றே செய்த ஸ்டவ் வாங்குங்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு அடிக்கடி எழும்பி விறகு போடுவது சிரமம். புகையில்லாக் கரி மெதுவாக, சீராக, நெடுநேரம் சூடு தரும். மல்டிஃபியூலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அவர்களுக்குத்தான் பயன்படும். "எதற்கும் இருக்கட்டுமே" என்று மல்டிஃபியூல் வாங்கிவிட்டுக் காலம் முழுக்க விறகு மட்டுமே எரிக்கிறவர்கள்தான் நான் பார்த்தவரை அதிகம்.

இரண்டையும் ஒரே நெருப்பில் கலந்து போடாதீர்கள். விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்தால் அமிலமாகிப் புகைபோக்கிக்குள் இருக்கும் உலோகக் குழாயை அரிக்கும். கரி எரிப்பதாக இருந்தால் அந்தக் குழாயை 316 ரகத்தில் போடாமல் 904 ரகத் துருப்பிடிக்காத எஃகில் போடச் சொல்லுங்கள். விலை கூடத்தான், ஆனால் குழாயை மாற்றும் செலவோடு பார்த்தால் மலிவு.

கேள்வி: ஃபேஸ்புக்கில் 150 பவுணுக்கு ஒரு பழைய ஸ்டவ் வருகிறது. மைத்துனர் கட்டட வேலை செய்கிறவர், அவரே பொருத்தித் தருவார். லண்டனில் இதற்குத் தடை ஏதும் உண்டா?

பதில்: 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய கரிப்புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைப் பலிகொண்டது. அதன் பிறகு 1956இல் வந்த சுத்தக் காற்றுச் சட்டத்தில் பிறந்ததுதான் புகைக் கட்டுப்பாட்டு வலயம், கவுன்சில் தாள்களில் 'ஸ்மோக் கன்ட்ரோல் ஏரியா'. லண்டனின் பெரும்பகுதி இதற்குள் வருகிறது. உங்கள் தெரு வருகிறதா என்பதைக் கவுன்சில் இணையதளத்தில் பார்க்கலாம்.

வலயத்துக்குள் விறகு எரிக்க வேண்டுமானால் ஸ்டவ் டெஃப்ராவின் (அரசின் சுற்றுச்சூழல் துறை) விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஸ்டவ்வில் அந்த்ரசைட் (இயற்கையிலேயே புகை குறைந்த நிலக்கரி) அல்லது அங்கீகரித்த புகையில்லாக் கரி மட்டுமே எரிக்கலாம். புகைபோக்கியில் புகை கண்டால் கவுன்சில் 175 முதல் 300 பவுண் வரை அபராதம் போடலாம். விலக்கில்லாத ஸ்டவ்வுக்கென்று அங்கீகாரமில்லாத எரிபொருள் வாங்கினால் 1000 பவுண் வரை போகும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 'எக்கோடிசைன்' என்பது வேறு, 'டெஃப்ரா விலக்கு' என்பது வேறு. 2022 ஜனவரி 1 முதல் சந்தைக்கு வரும் புது ஸ்டவ்கள் எல்லாம் எக்கோடிசைன் விதிக்கு உட்பட வேண்டும். மூடிய முகப்புள்ள விறகு ஸ்டவ் ஒரு கன மீட்டர் புகையில் 40 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் விடக்கூடாது, 65 சதவீதத்துக்குக் குறையாத திறன் வேண்டும். விலக்கு என்பது அந்தக் குறிப்பிட்ட மாடலை வலயத்துக்குள் விறகு எரிக்க அனுமதிப்பது. அத்தகைய ஸ்டவ்வில் மேல்காற்றை முழுதாக மூட முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கும். வலயத்தில் இருக்கிறவருக்கு இரண்டும் வேண்டும். பெட்டியில் பச்சை இலை படம் போட்டிருந்தால் போதாது, மாடல் பெயரைப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

பழைய ஸ்டவ் வாங்குவது குற்றமில்லை. ஆனால் தட்டு வளைந்திருக்கிறதா, உள்கற்கள் வெடித்திருக்கின்றனவா, கதவோரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவு இறுக்கமாக மூடாத ஸ்டவ்வில் நெருப்பு உங்கள் சொல் கேட்காது. மாடல் பெயரே தெரியாத ஸ்டவ்வை விட்டுவிடுங்கள்.

மைத்துனர் பொருத்தலாம், ஆனால் முன்கூட்டியே கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு அறிவித்து, கட்டணம் கட்டி, அவர்கள் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். ஸ்டவ் பொருத்துகிறவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிந்தவர் என்றால் அவரே சான்றளிப்பார். அந்தத் தாள் இல்லாமல் பொருத்தினால் வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் சொலிசிட்டர் கேட்பார். வீட்டுக் காப்புறுதிக்காரரும் ஒருநாள் கேட்கக்கூடும், அதுவும் தீப்பிடித்த பிறகு. பெரும்பாலும் பொருத்தும் கூலியும் குழாயும் சேர்ந்து ஸ்டவ்வின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே 150 பவுண் மிச்சம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் பெரிய மரம் ஒன்றை வெட்டினார்கள். விறகை இலவசமாகத் தருகிறார்கள். இந்தக் குளிருக்கே எரிக்கலாமா?

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் இந்தக் குளிருக்கு இல்லை. பச்சை மரத்தின் எடையில் பாதி அளவு தண்ணீராகவே இருக்கலாம். அதை எரித்தால் நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், புகையும் கூடும். துண்டாக்கி, பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போகும்படி அடுக்கி வையுங்கள். ஓக் போன்ற கடின மரத்துக்கு இரண்டு கோடை வேண்டும். ஈரமானி ஒன்று வாங்கி, கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும். 20 சதவீதமோ அதற்குக் குறைவோ வந்தால் எரிக்கலாம்.

இந்த 20 சதவீதம் சட்டமும்கூட. 2021 மே 1 முதல் 2 கன மீட்டருக்குக் குறைந்த அளவில் விற்கும் விறகுக்கு இந்த வரம்பு உண்டு, பையில் 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்கும். அதே நாளிலிருந்து பையில் அடைத்த சாதாரண வீட்டு நிலக்கரியின் விற்பனையும் நின்றது. 2023 மே முதல் உதிரியாக விற்பதற்கும் தடை. எங்கேயாவது மூட்டையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். பெட்ரோலியம் கோக் (எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) கலந்த கரியையும் தவிருங்கள், அதன் அதிகச் சூட்டில் தட்டு உருகி வளையும்.

கேள்வி: வீட்டில் தேங்காய்ச் சிரட்டை நிறையச் சேருகிறது. ஊரில் எரித்தோமே, ஸ்டவ்வில் போட்டால் என்ன? பழைய கட்டிலையும் உடைத்து வைத்திருக்கிறோம்.

பதில்: சிரட்டை அருமையாக எரியும், அதுதான் பிரச்சினை. எண்ணெய்ப் பசையோடு திடீரென்று பற்றிச் சூடேற்றும், கரும்புகையும் விடும். விலக்குப் பெற்ற ஸ்டவ்வில் தயாரிப்பாளர் குறித்த எரிபொருளை மட்டுமே போடலாம், அந்தக் குறிப்பில் சிரட்டை இருக்காது. தோட்டத்தில் பார்பிக்யூ போடும்போது எரியுங்கள், அதற்கு வலய விதி தடையில்லை. அண்டை வீட்டாரின் துணி காய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டில் வேண்டவே வேண்டாம். பெயின்ட், வார்னிஷ், பசை, எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) எல்லாம் நஞ்சுப் புகை. பழைய வேலிப் பலகையில் ஆர்சனிக் மருந்து ஏற்றியிருப்பார்கள், எரித்த பின் சாம்பலிலும் அது தங்கும்.

கேள்வி: புது ஸ்டவ், நல்ல விறகு. ஆனாலும் கண்ணாடி ஒரே இரவில் கறுத்துவிடுகிறது. காலையில் வீடு சூடாக இருக்கட்டும் என்று படுக்கும்போது இரண்டு கட்டையைப் போட்டுக் காற்றைக் குறைத்துவிட்டுப் போவேன்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். விறகை இரவுக்கு அடக்கி வைக்கக் கூடாது. மூட்டம் போட்ட மாதிரி விடிய விடியப் புகையும். புகையில்லாக் கரிதான் மெதுவாக எரியவிட ஏற்றது. விறகு என்றால் படுக்கப் போகும் முன் எரிந்து முடியட்டும்.

கொளுத்தும் விதத்தையும் மாற்றிப் பாருங்கள். பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சிறு சுள்ளிகளை மேலே குறுக்காக அடுக்கி, உச்சியில் பற்ற வையுங்கள். ஊரில் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் கீழிருந்து எழும் புகை மேலே உள்ள கொழுந்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அதிலேயே எரிந்துவிடும். எல்லாக் காற்றையும் திறந்து வைத்துத் தொடங்கி, நன்றாகப் பற்றிய பிறகு படிப்படியாகக் குறையுங்கள். கட்டை சேர்க்கும்போது ஒன்று அல்லது இரண்டு போதும். கதவை முதலில் ஒரு விரல் அளவு திறந்து சில விநாடி பொறுத்துப் பிறகு மெல்லத் திறந்தால் அறைக்குள் புகை வராது. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். பற்றவைத்த முதல் சில நிமிடங்களுக்குப் பிறகும் புகை தெரிந்தால் ஏதோ தவறு.

கறுத்த கண்ணாடியை ஈரக் காகிதத்தில் சாம்பலைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பாத்திரம் தேய்த்த கைகளுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விறகு எரிக்கிறவர் ஆண்டுக்கு இரண்டு முறையும், புகையில்லாக் கரி எரிக்கிறவர் ஒரு முறையும் புகைபோக்கியைச் சுத்தம் செய்விக்க வேண்டும்.

கேள்வி: பேரனுக்கு ஆஸ்துமா. புகை குறைந்த ஸ்டவ் என்றால் பயமில்லையா?

பதில்: வாங்காதீர்கள். புகை குறைந்தது என்பது பழைய ஸ்டவ்வோடும் திறந்த கணப்போடும் ஒப்பிட்டுச் சொல்வது. காஸ் பாய்லரோடு ஒப்பிட்டால் எக்கோடிசைன் ஸ்டவ்வும் பல நூறு மடங்கு நுண்துகளை விடுகிறது. வீட்டில் காஸ் சூடாக்கி ஒழுங்காக வேலை செய்யும்போது, ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் அறையில் நெருப்பு மூட்ட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருக்கும் வீடு. ஸ்டவ் எரியும்போது பொரியல், தாளிப்பு என்று எக்ஸ்ட்ராக்டர் ஃபேனைப் போட்டால் ஒரு மாதிரி மணம் வருகிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். பலமான ஃபேன் அறைக்காற்றை வெளியே இழுக்கும்போது, அதை ஈடுகட்ட வேறு வழி இல்லாவிட்டால் புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளே இறங்கும். அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நீங்கள் முகர்ந்தது புகையை. புகையில்லாக் கரி எரிக்கிற வீட்டில் அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. ஸ்டவ் பொருத்தும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது கட்டட விதியின் கட்டாயம். ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, கூரையிலோ சுவரின் மேல்பகுதியிலோ இருக்க வேண்டும். அலமாரிக்குள்ளோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைத்தால் பயனில்லை.

பொருத்தியவரை அழைத்து, ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது புகை திரும்புகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை இரண்டில் ஒன்றை மட்டும் இயக்குங்கள். குளிர்காற்று வருகிறதென்று காற்றுத்துளையில் துணி அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அலாரம் அடித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து 999ஐ அழையுங்கள். புகைபோக்கியை ஆள் வந்து பார்த்துச் சொல்லும்வரை மறுபடி பற்ற வைக்க வேண்டாம்.