பழைய வழிகாட்டியைத் திருத்துவதா, மூடிவைப்பதா?

கேள்வி: உவர்மலையில் ஆறு பேர் கொண்ட மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் முன்பதிவு, புறாத்தீவுப் படகுப் பதிவு, ஒரு தனியார் கிளினிக்கில் நம்பர் எடுக்கும் செயலி என மூன்றைப் பராமரிக்கிறோம். 2014இல் எழுதிய 80 பக்க டிசைன் வழிகாட்டியை இப்போது யாரும் திறப்பதில்லை. மூன்றும் மூன்று விதமாகப் போய்விட்டன. அதைப் புதுப்பிப்பதா, பேட்டர்ன் லைப்ரரி செய்வதா? – வாசகர், திருகோணமலை

பதில்: புதுப்பிக்க வேண்டாம். விளக்கம் ஒரு பிடிஎப்பிலும் கோட் வேறிடத்திலும் இருக்கும்வரை அது திரும்பவும் பழசாகும். முன்பு ஓரிடத்தில் நானும் மூன்று மாதம் இருந்து இப்படியொரு வழிகாட்டி எழுதினேன். புதிதாகச் சேர்ந்த தம்பி பட்டனின் நீல நிறத்தை அதில் தேடவே இல்லை; ஓடிக்கொண்டிருந்த தளத்தைத் திறந்து அங்கிருந்து எடுத்தான். எனக்குக் கோபம்தான், ஆனால் அவன் செய்ததுதான் சரி. ஆட்கள் எங்கிருந்து கொப்பி பண்ணுகிறார்களோ, விளக்கமும் அங்கேயே இருக்க வேண்டும். பேட்டர்ன் லைப்ரரி என்பது அதுதான்: பட்டன், பெட்டி போல திரையில் வேலை செய்யும் ஒரு துண்டு, அதன் கோட், எங்கே பாவிப்பது, எங்கே பாவிக்கக்கூடாது என்று நாலு வரி.

முதலில் மூன்று செயலிகளின் திரைகளையும் அச்சிட்டு, வெட்டி, தரையில் பரப்பி ஒரே வேலை செய்பவற்றைச் சேர்த்து வையுங்கள். (மின்விசிறியை நிறுத்திவிட்டு!) பட்டனில் தொடங்காதீர்கள். நிற விவாதத்திலேயே இரண்டு வாரம் போய்விடும். பாவனையாளர் மாட்டிக்கொள்ளும் இடத்தில் தொடங்குங்கள்.

உங்களுக்கு அது அடையாள அட்டை இலக்கப் பெட்டியாக இருக்கலாம். பழைய அட்டையில் 9 இலக்கமும் V அல்லது X எழுத்தும். 2016 முதல் வரும் அட்டைகளில் 12 இலக்கம். உங்கள் வழிகாட்டி 2014இல் எழுதியது. ‘பத்து எழுத்து மட்டும்’ என்று அதில் இருந்தால், புது அட்டைக்காரப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தியாயிற்று. சரி, எல்லாம் இலக்கம்தானே என்று எண் விசைப்பலகையை மட்டும் திறந்துவிட்டால், கிளினிக்குக்கு நம்பர் எடுக்கும் அம்மாவுக்கு V அடிக்க வழியில்லை. இரண்டு வடிவத்தையும் ஏற்பது, சிறிய v அடித்தாலும் தானே மாற்றிக்கொள்வது, வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு இலக்கம், பிழைச் செய்தியின் தமிழ், சிங்கள, ஆங்கில வாசகம் எல்லாம் லைப்ரரியில் அந்தப் பெட்டிக்குரிய ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஓரிடத்தில் திருத்தினால் மூன்றிலும் திருந்தும்.

பெயர்ப் பெட்டியும் அப்படித்தான். ‘குடும்பப் பெயர்’ கட்டாயம் என்றால் முதலெழுத்தோடு அப்பா பெயரைப் போடும் நம் ஆட்கள் என்ன எழுதுவது? முழுப் பெயருக்கு ஒரே பெட்டி போதும்.

பட்டனுக்கு வரும்போது அகலத்தைப் பூட்டாதீர்கள். ஆங்கிலத்தில் ‘கேன்சல்’ அடங்குகிற இடத்தில் ‘இரத்துச் செய்க’ அடங்காது. வரி உயரம் குறைந்தால் ‘கி’யின் மேல் வளைவும் ‘கு’வின் கீழ் வளைவும் வெட்டுப்படும். தொடும் பரப்புக்கு ஆப்பிள் 44, ஆண்ட்ராய்டு 48 அலகு சொல்கின்றன; அதற்குக் கீழே இறங்க வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி மாறுபாடு, எல்லோரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான சர்வதேச அணுகல் விதிகள் சொல்லும் அளவு. நிலாவெளிக் கரையில் மத்தியான வெயிலில் போனைப் பார்க்கும் படகுக்காரருக்கு அதுவே குறைவு.

மூன்றும் ஒரே முகமாக இருக்கத் தேவையில்லை. நிறமும் எழுத்துருவும் ஒவ்வொரு செயலிக்கும் தனியே மாற்றக்கூடிய மாறிகளாகக் கோட்டில் இருக்கட்டும். நடத்தை மட்டும் பொது. இந்தத் துண்டுகளை ஓரிடத்தில் காட்டிவைக்கும் ஸ்டோரிபுக் என்ற கருவி இலவசம். அது பாரமாகத் தெரிந்தால் ஒரு சாதாரண எச்டிஎம்எல் பக்கமே போதும். ஒரு துண்டு இரண்டாவது செயலிக்கும் தேவைப்பட்டால்தான் லைப்ரரிக்குள் வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லைப்ரரி குப்பைக்கூடையாகிவிடும். மாதத்துக்கு ஒருவர் முறைவைத்துப் பொறுப்பெடுக்கட்டும்.

பழைய பிடிஎப்பை உடனே அழிக்காதீர்கள். அதில் ‘ஏன்’ என்று காரணம் எழுதியிருக்கும் வரிகளைப் பொறுக்கி எடுங்கள்; மீதி போகட்டும். நகர்த்திய பக்கத்தில் புது இடத்தின் முகவரியை எழுதிவிடுங்கள். திரைகளையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், வேறு வேலைக்காகத் தொடும்போது மாற்றினால் போதும். படகுப் பதிவை மட்டும் சீசனில் தொடாதீர்கள். வாடை மழை தொடங்கிப் படகுகள் கரையேறிய பிறகு அதை எடுங்கள். அதுவரை கிளினிக் செயலியின் அடையாள அட்டைப் பெட்டி இருக்கிறது.