இளைப்பு உள்ளவருக்கு முழு மயக்கம்: மயக்கவியல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்குப் பல வருடங்களாக ஆஸ்துமா. பித்தப்பை ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று காலை இன்ஹேலர் இழுக்கலாமா, டாக்டர்?

பதில்: கட்டாயம் இழுங்கள். வெறும் வயிறு என்பது சாப்பாட்டுக்குத்தான், இன்ஹேலருக்கு அல்ல. தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரையும் விடாதீர்கள். கையோடும் கொண்டுவாருங்கள். மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு, மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுத்திருந்தால், தொண்டை வழியே குழாய் இறங்கும்போது மூச்சுக்குழல்கள் இறுகுவது குறையும்.

கேள்வி: மயங்கிக் கிடப்பவருக்கு எப்படி ஐயா இளைப்பு வரும்?

பதில்: நினைவு தூங்கினாலும், மூளையிலிருந்து நுரையீரலுக்கு வரும் வேகஸ் நரம்பு விழித்திருக்கலாம். குழாய் உரசியதும் அந்த நரம்பு முனைகளில் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, மூச்சுக்குழல் தசை இறுகிவிடும். மயக்கம் ஆழமாக இல்லாதபோதுதான் இது அதிகம். அதனால் முதலில் மயக்கத்தை ஆழப்படுத்துகிறோம். மயக்கம் தரும் செவோஃப்ளூரேன் வாயுவே அந்தத் தசையைத் தளர்த்தும். டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க வாயு மூச்சுக்குழலுக்கு எரிச்சலூட்டும் என்பதால் இளைப்பு உள்ளவருக்கு நான் அதைத் தொடுவதில்லை.

கேள்வி (முதுநிலை மாணவர்): குழாய் வழியே சால்பியூட்டமால் நான்கு முறை அடித்தும் நோயாளியின் நெஞ்சில் விசில் சத்தம் குறையவில்லை, சார்.

பதில்: மருந்தில் பெரும்பகுதி குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஸ்பேசர் (மருந்தைத் தேக்கித் தரும் சிறு கூடு) பொருத்தி, மூச்சு உள்ளே போகத் தொடங்கும் நொடியில் அடியுங்கள். எட்டு, பத்து முறைகூடத் தேவைப்படும். ஆனால் அதற்கும் முன்னால், அது உண்மையில் மூச்சுக்குழல் இறுக்கம்தானா என்று பாருங்கள். குழாய் மடங்கியிருக்கலாம், வலது நுரையீரலுக்குள் மட்டும் இறங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம். பயிற்சிக் காலத்தில் நானே மடங்கிய குழாயைக் கவனிக்காமல் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடங்களை இன்னும் மறக்கவில்லை. தோலில் தடிப்பு, இரத்த அழுத்தம் சரிவு இருந்தால் அது கடும் ஒவ்வாமை, அட்ரினலின்தான் மருந்து. நெஞ்சு அறவே இறுகி காற்றே போகாதபோது, உள்ளிழுக்கும் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அப்போது இரத்தக் குழாயில் போடும் ஊசிதான் வழி. மெக்னீசியமும் கைகொடுக்கும். மூச்சு முழுதாக வெளியேற நேரம் விடுங்கள். அவசரமாக மூச்சுப் பையை அழுத்தினால் காற்று உள்ளேயே தேங்கும்.

கேள்வி: சால்பியூட்டமால் இதயத்தைப் பாதிக்குமா?

பதில்: படபடப்பு வரும், பொட்டாசியம் குறையலாம். இரண்டையும் கண்காணிப்போம்.

கேள்வி: மகனுக்கு டான்சில் ஆபரேஷன். நான்கு நாளாகச் சளி, காய்ச்சல். சொன்னால் தள்ளிப்போடுவார்களே?

பதில்: சொல்லிவிடுங்கள், அம்மா. சளி வடிந்த பிறகும் சில வாரங்களுக்கு மூச்சுக்குழல் சின்னத் தொடுதலுக்கே சுருங்கும். டான்சில் அதுவரை காத்திருக்கும்.